பளை அதிபர் பஸ்ஸுக்கு வராத மூன்று நாட்கள்

ஏழு வாரம், சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், நான் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போய் வந்தேன். எனக்குப் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அதற்குக் கதிர்ச் சிகிச்சை, கூடவே ஹோர்மோன் ஊசியும். எங்கள் பக்கத்தில் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு "சலத்தில ஒரு சின்னப் பிரச்சினை" என்று சொல்லிவைத்திருந்தேன். எனக்குக்கூட அதற்கு மேல் சொல்லிக்கொள்ளப் பிடிக்கவில்லை.

அதே சிகிச்சைக்கு இன்னும் இரண்டு பேர் அந்த பஸ்ஸில் வந்தார்கள். ஒருவர் ஜெயபுரத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, பயிரிடுபவர். மலையகத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். சிகிச்சைக்காகக் கிளிநொச்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். மற்றவர் பளையில் ஏறுவார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். வெள்ளை நீளக்காற்சட்டை, வெள்ளைச் சட்டை, அயர்ன் மடிப்புக் கலையாது. அவரிடம் படித்த யாராவது ஒருவர் எப்போதும் பஸ்ஸில் இருப்பார். "சேர், இருங்கோ" என்று எழும்பி இடம் கொடுப்பார்.

கரண்ட் பிடிக்கும்போது சலப்பை, அதாவது சிறுநீர்ப்பை, நிறைந்திருக்க வேண்டும். போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரி வாங்கில் வரிசையாக இருப்போம். கச்சான்காரர்தான் கதை தொடங்குவார். "எப்படி சேர், டேங்க் நிறைஞ்சிருச்சா?" என்பார். அதிபர் சிரிக்காமல் "முக்கால்வாசி" என்பார். அப்படித்தான் பழகினோம்.

நாலாம் வாரம் தாண்டியபின் அடக்குவது கடினமாகிவிட்டது. வருகிறது என்று தெரியும் முன்பே வந்துவிடும். நான் பெரியவர்களுக்கான பம்பர்ஸ் கட்டத் தொடங்கினேன். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்க வெட்கப்பட்டு, யாழ்ப்பாணத்தில் முகம் தெரியாத ஒரு பார்மசியில் வாங்கி, காகிதத்தில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைப்பேன். மனைவிக்கும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது வீதி வேலை காரணமாக பஸ் நெடுநேரம் நின்றது. பளையில் இறங்க அதிபர் எழுந்தார். அவருடைய வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. பின் இருக்கையில் அவருடைய பழைய மாணவி ஒருத்தி குழந்தையுடன் இருந்தாள். அவள் தலை குனிந்துகொண்டாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். அவர் யாரிடமும் விடைபெறாமல் இறங்கிப் போனார்.

புதன்கிழமை பளைத் தரிப்பிடத்தில் அவர் இல்லை. வியாழனும் இல்லை. தொலைபேசி எடுத்தால் மணி அடித்து அடித்து நின்றது. வெள்ளிக்கிழமையும் அவரைக் காணாதபோது கச்சான்காரர் சொன்னார்: "அண்ணை, இன்னைக்கு வரக்குள்ள எறங்கிப் பாத்துட்டுத்தான் போறது. பாதியில விட்டா பட்ட கஷ்டமெல்லாம் வீணாப் போயிரும்."

அன்று திரும்பும்போது பளையில் இறங்கினோம். வீட்டுப் படலைக் கதவைத் திறந்தவர் அதிபரின் மனைவி. "காய்ச்சல் எண்டு சொல்லச் சொன்னவர். ஆனா காய்ச்சல் ஒண்டும் இல்லை, நீங்களே வந்து கேளுங்கோ" என்றார். அதிபர் விறாந்தையில் சாரம் உடுத்தபடி கதிரையில் இருந்தார். மூன்று நாள் தாடி. அந்த மனிதரை அப்படி நான் கண்டதே இல்லை.

"நான் இனி வரேல்லை" என்றார். "இந்த வயதில நடக்கிறது நடக்கட்டும். என்னட்டப் படிச்ச பிள்ளையளுக்கு முன்னால இப்பிடி என்னால ஏலாது."

கச்சான்காரர் தன் பையைத் திறந்தார். மாற்றிக் கட்ட ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு பொலித்தீன் பை. "சேர், மூணாவது வாரத்துல இருந்து இதையெல்லாம் தூக்கிக்கிட்டுத்தான் திரியிறன். ரெண்டு தடவ ஆஸ்பத்திரி கக்கூஸுல மாத்தியிருக்கன். நீங்க கவனிக்கல."

அதிபர் குனிந்து அந்தப் பைக்குள் பார்த்தார். பிறகு என்ன துணிவில் சொன்னேன் என்று தெரியாது. "சேர், நான் இப்பவும் பம்பர்ஸ் கட்டிக்கொண்டுதான் இருக்கிறன்" என்றேன். "வீட்டில அவாவுக்கும் தெரியாது. ஊசி போட்டதில இருந்து உடம்பு திடீரெண்டு நெருப்பாக் கொதிக்குது. போன கிழமை மரண வீடு ஒண்டில, ஆரெண்டே தெரியாத ஆளுக்கு விம்மி விம்மி அழுதனான்."

அதிபர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் அந்தக் கொதி இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு அவருடைய வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். "முப்பது வருசமாப் பிள்ளையள் 'சேர், ஒண்டுக்கு' எண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிப்பாங்கள். பாடம் முடியட்டும் எண்டு எத்தினை பேரை இருத்தி வைச்சனான்! அதுகள் பட்ட பாடு இப்பதான் விளங்குது." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி எங்களிடம், "இந்த மூண்டு நாளில இப்பதான் வாய் திறந்து கதைக்கிறார்" என்றார்.

திங்கட்கிழமை அவர் வந்தார், கறுப்பு நீளக்காற்சட்டையுடன். தவறவிட்ட நாட்களை டொக்டர் கடைசியில் சேர்த்துக் கொடுத்தார். பஸ் சாரதியிடம் கச்சான்காரர் போய் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து எங்கள் மூவரில் யார் கை காட்டினாலும் பஸ் வழியில் நின்றது.

பளைக்குப் போய் வந்த அன்றே மனைவியிடம் சொன்னேன். குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "உங்கட உடுப்பை ஆர் தோய்க்கிறது? எனக்குத் தெரியாதே?" என்றாள். கொதியைப் பற்றிச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "மாதவிலக்கு நிண்ட காலத்தில எனக்கு உது அஞ்சு வருசம் இருந்தது. ஆராவது எனக்கு விசிறினவையே?" என்றாள். பிறகு எழுந்துபோய் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள். ஆண் பெண் உறவு இனிப் பழையபடி இருக்காது என்று டொக்டர் சொன்னதையும் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அவள் பக்கத்தில் வந்து இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்டிய மரக்கறி அப்படியே கிடந்தது.

எனக்கும் அதிபருக்கும் இரத்தப் பரிசோதனை இப்போது நல்லபடியாக இருக்கிறது. கச்சான்காரருக்கு எலும்பிலும் பரவியிருப்பதாகச் சொன்னார்கள். ஊசியும் குளிசையும் தொடர்கின்றன. அதைச் சொன்ன அன்று அவர் எங்கள் இருவர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். அதிபர் பக்கத்தில் இருந்து அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். யாரும் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு அதிபர் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். கிளினிக்கில் சொல்லிக் கேள்விப்பட்டு வேறு ஆட்களும் வருகிறார்கள். போன தடவை வவுனியாவிலிருந்து ஒருவர் மனைவியுடன் வந்திருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. கச்சான்காரர் ஜெயபுரத்திலிருந்து அவித்துக் கொண்டுவந்த கச்சானை அவர் பக்கம் தள்ளிவைத்தார். நாங்கள் மழையையும் வயலையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து அந்த மனிதர் கச்சான் கோதை உடைத்தபடி, "பஸ்ஸில வரேக்க நீங்கள் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டார்.