இடுப்பில்லாத குளவி

விவசாய இலாகா வேலையாகக் கீரமங்கலம் போனபோது, சின்னப்பொண்ணு என்பவரின் முள்ளங்கிப் பாத்தியில் ஒரு பூச்சியைப் படம் பிடித்தேன். குளவி வீட்டில் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அந்த நம்பிக்கையில் அவர் அதை விரட்டவே இல்லை.

கழுவி வந்த படத்தை மறுவாரம் அவரிடம் காட்டினேன். “குளவின்னா இடுப்பு சிறுத்திருக்கும். இதுக்கு இடுப்பே இல்ல பாருங்க. எலையத் தின்னுற புழுவோட தாய்ப்பூச்சி இது. மருந்தடிச்சுருங்க” என்றேன், பெருமையாக.

“அப்ப இது கூடு கட்டாதுங்களா?”

அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குனிந்து படத்தையே பார்த்தேன். பூச்சிக்குப் பின்னால், மங்கலாக, அதையே பார்த்துச் சிரித்தபடி அவர் நின்றிருந்தார்.

இரண்டு நாள் லென்ஸ் வைத்துப் பார்த்த படம் அது. அந்தச் சிரிப்பு என் கண்ணில் படவே இல்லை.