குட்டைக் குழல் விற்ற கதை

துவக்கு விற்கிற கடையில் பொய் சொல்லத் தேவையே இல்லை. உண்மையில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால் போதும், சாமான் தானாக விலைப்பட்டுவிடும். கடைத் தட்டுக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நானும் உங்கள் கூட்டம்தான். ஜேர்மனியின் ஹம் நகரில் வேட்டைத் துப்பாக்கியும் சாமானும் விற்கிற கடை ஒன்றில், இரண்டாயிரத்து இரண்டில் தொடங்கி ஆறு வருடம் நின்றேன். சிரிக்கிற கதைகளும் இருக்கின்றன. ஆனால் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என் பாதி உண்மையால் ஒரு மனுசியின் காது கெட்டுப்போனது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இதுவும் ஒரு வியாபாரமாகிவிடும்.

ஜேர்மன்காரர் பேசியதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

துவக்குக்காரன் ஆனது

பொதி கட்டத்தான் என்னை எடுத்தார்கள். கை சுத்தம், வாய் கொஞ்சம் என்று கண்ட முதலாளி, சட்டமும் பாதுகாப்பும் படிக்க வைத்து, பரீட்சை எழுத வைத்து, ஒற்றைவெடித் துவக்குப் பகுதியில் நிறுத்தினார். நடுவில் மடித்து ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூடுகிற துவக்கு அது. தவறினால் தவறியதுதான், மான் நின்று பார்த்துக்கொண்டிருக்காது. துவக்கின் உடம்பு சின்னது என்பதால் மொத்த நீளத்தைத் தோட்டா பாய்கிற குழல்தான் தீர்மானிக்கும். ஐம்பது சென்டிமீட்டரா, ஐம்பத்தைந்தா, அறுபதா, அறுபத்தைந்தா என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே வருவார்கள்.

அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த செபமாலை அண்ணையை ஒருநாள் ரயிலில் கண்டேன். புது வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். மன்னார்க்காரர், சிரிக்காமலே பகிடி விடுவார். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். நீ இப்ப அதைக் கடதாசியிலை சுத்திக் குடுக்கிறாய்" என்றார்.

ஆளைப் பார்த்து அளந்தது

முதல் மாதம் வந்த ஒருவர் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். அவ்வளவு உயரம். ஆள் நீளமென்றால் குழலும் நீளமாக வேண்டும் என்பது என் கணக்கு. யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் போட்டது. கேட்காமலே அறுபத்தைந்தை எடுத்து நீட்டினேன். அவருக்கு அடர்ந்த பற்றைக்குள் நடந்து போய் வேட்டையாடுகிற பழக்கம். கொப்பில் மாட்டாத குழல்தான் வேண்டும்.

அவர் துவக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, நான் காற்சட்டை வாங்க வரேல்லை" என்றார்.

அலுமாரி அளவு

அந்தக் காலத்தில் துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டி வைக்கவேண்டும் என்ற சட்டம் இறுகியிருந்தது. பல் வைத்தியர் ஒருவர் அளவுநாடாவோடு வந்தார். எந்த மிருகம், எவ்வளவு தூரம் என்று நான் வரிசையாகக் கேட்க, அவர் துவக்கின் அடியிலிருந்து நுனிவரை அளந்தார். அலுமாரியின் உயரம் பார்க்காமல் வாங்கிவிட்டாராம். இனி அலுமாரிக்குத் தக்க துவக்கு தேடுகிறார்.

தூரத்தில் சுடுகிறவருக்கு நீளக் குழல் நல்லது, நுனியில் பாரம் இருந்தால் கையும் ஆடாது என்று சொல்லிப் பார்த்தேன். மனுசன் அசையவில்லை. "வேட்டைக்குப் போறது வருசத்திலை பத்து நாள். மிச்சம் முழுக்க அது அலுமாரிக்குள்ளைதானே சீவிக்கப் போகுது" என்று ஐம்பதை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சிரித்தேன். பிறகு யோசித்தால், அவராவது எங்கே வைப்பதென்று யோசித்து வாங்கினார்.

நான் கட்டிய பெட்டி

இங்கே வேட்டைக்காரர் காட்டோரத்தில் உயரக் கால் நாட்டி, மேலே பலகையால் பெட்டிபோல் அடைத்த பரணில் உட்கார்ந்துதான் காத்திருப்பார்கள். மூன்று பக்கமும் சின்ன யன்னல். கடைக்குள் அப்படி ஒன்று இருந்தால் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தே வாங்கலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. சாமான் வந்த மரப்பெட்டிகளை உடைத்து, ஒரு சனிக்கிழமையில் நானே அடித்தேன். உட்கார வாங்குப் பலகை, யன்னல் எல்லாம் சரியான அளவில்.

அதற்குள் உட்கார்ந்தவர் எவரும் அறுபத்தைந்தை விரும்பவில்லை. நீளக் குழல் பலகையில் முட்டும், திருப்பினால் மூலையில் சிக்கும். ஐம்பதோ பம்பரமாகச் சுற்றும். வாங்குகிறவர் முகம் மலரும். முதலாளி எனக்குச் சம்பளத்தைக் கூட்டினார்.

ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவர் எண்ணெய்ப் போத்தல் வாங்க வருவார். பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார். வேலை நல்லது என்று சொல்லுவார் என நான் காத்துக்கொண்டு நின்றேன். "எல்லாம் சரி. ஒரே ஒரு குறை. இதுக்குள்ளை ஒருத்தரும் வெடி வைக்கிறேல்லை" என்றார். கிழவர் பொறாமைப்படுகிறார் என்று நினைத்தேன்.

இருவர் உட்கார்ந்தார்கள்

திரு புரொக்மன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக வரவில்லை, மனைவியையும் கூட்டி வந்தார். அந்த அம்மா வேட்டைக்காரி இல்லை. ஆனால் புரொக்மன் பரணுக்குப் போகும்போதெல்லாம் கூடப் போவாராம். வீட்டில் தொலைக்காட்சி, பிள்ளைகளின் தொலைபேசி என்று பேச முடியாதாம். அங்கே மட்டும்தான் இருவரும் இரகசியக் குரலில் இரண்டு மணிநேரம் கதைப்பார்களாம். பன்றி வந்தால் வருகிறது, வராவிட்டாலும் குறையில்லை. எனக்கு அவர்களை மிகவும் பிடித்துவிட்டது.

அவர்களுடைய கஷ்டம் பழைய துவக்கின் நீளம். அம்மா இடப்பக்கம் இருப்பார். அந்தப் பக்க யன்னலுக்குத் துவக்கைத் திருப்ப ஏலாது, குழல் அவரில் முட்டும். இருவரையும் என் பெட்டிக்குள் இருத்தினேன். ஐம்பது சென்டிமீட்டரைக் கொடுத்தேன். புரொக்மன் அதை மனைவியின் முன்னால் மெதுவாகக் கொண்டுபோய், இடப்பக்க யன்னலுக்கு நேரே நிறுத்தினார். ஒரு இடத்திலும் முட்டவில்லை. நுனி யன்னலுக்கு வெளியே போகவில்லை என்பதை நான் கண்டேன். உள்ளேயே நின்றது, அம்மாவின் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி.

குழல் குட்டையானால் வெடிமருந்து முழுதும் உள்ளே எரிந்து முடியாது, நுனியில் சத்தமும் நெருப்பும் கூடும். அதைப் பரீட்சைக்கே படித்தேன். வெடிச்சத்தம் காதை என்ன செய்யும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவும் தேவையில்லை, ஊரிலேயே போதுமான அளவு கேட்டவன். வாய் வரை வந்தது. அவர்கள் இருவரும் அந்தச் சின்ன வாங்கில் நெருங்கி இருந்து சிரித்ததைப் பார்த்து விழுங்கிவிட்டேன். சந்தோசமாக வாங்குகிறவர்களை ஏன் குழப்பவேண்டும் என்று எனக்கு நானே சமாதானமும் சொன்னேன். போகும்போது அம்மா என் கையைப் பிடித்து, "இவ்வளவு பொறுமையாய் ஒருத்தரும் எங்களுக்குக் காட்டித் தரேல்லை" என்றார்.

இலையுதிர் காலத்தில்

மூன்று மாதம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். ஒரு மாலை, வெளிச்சம் மங்குகிற நேரம், பன்றி இடப்பக்கம் வந்திருக்கிறது. என் பெட்டிக்குள் பழகியபடியே புரொக்மன் துவக்கைத் திருப்பியிருக்கிறார், எதிலும் முட்டவில்லை. கதைக்கப் போகிற இடம் என்பதால் இருவரும் காது மூடி போடுவதில்லை. ஒரே வெடி. அம்மாவுக்கு இடது காது போய்விட்டது. கேட்காதது மட்டுமல்ல, உள்ளே ஒரு விசில் ஊதிக்கொண்டே இருக்கிறதாம். இனி நிற்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அவர்கள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தாங்கியிருப்பேன். குழலை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்கத்தான் வந்தார்கள். புரொக்மன் முதலாளியோடு பேசிக்கொண்டிருக்க, நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, "எனக்கு முதலே தெரியும். தெரிஞ்சும் சொல்லேல்லை" என்றேன். அவர் என்னை அன்பாகப் பார்த்து, வலது காதைத் தொட்டுக் காட்டினார். நான் நின்றது இடப்பக்கம். சுற்றி மற்றப் பக்கம் போய் அதே வார்த்தைகளை இன்னொரு தரம் சொல்லவேண்டியதாகிவிட்டது. என் சீவியத்தில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை.

அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வீட்டிலை டிவி போட்டால் விசில் தெரியேல்லை. அமைதியான இடத்திலைதான் கத்துது. அதாலை நான் இனிப் பரணுக்குப் போறேல்லை" என்றார்.

குழல் பட்டியல்

புரொக்மனிடம் பட்டியலை விரித்தேன். இந்த முறை ஒன்றையும் விழுங்கவில்லை. ஐம்பத்தைந்தின் சத்தம், அறுபதின் பாரம், அறுபத்தைந்து பரணுக்குள் எங்கெங்கே முட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனுசன் பட்டியலைப் பார்க்கவே இல்லை. கடை வாசலில் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நீளமெண்டாலும் போடுங்கோ தம்பி. பக்கத்திலை இப்ப இடம் இருக்குத்தானே" என்றார்.

அன்று பின்னேரமே என் பெட்டியைப் பிரித்துப் பலகைகளை அடுக்கி வைத்தேன். அதற்குப் பிறகு குழல் வாங்க வருகிறவரிடம் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்டேன், அது அவர்களின் சொந்த விஷயம் என்று பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள்.