மாமா நெஞ்சில் ஒரு கழுகுமலை

ஈசிஜி என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது மாமாவுக்கு நெஞ்சு வலித்த அன்றுதான். தீப்பெட்டி ஆபீஸில் லாரிக்குப் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தவர் சக்கரத்தோரமாக உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே தம்பி. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போன காரில், இறக்கிவிட யாருக்கும் தோன்றாததால், நானும் இருந்தேன். பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலையில் யார் முதலில் ஏறுவது என்று மாமாவுக்கும் எனக்கும் வருஷாவருஷம் பந்தயம். இந்த வருஷம் ஆள் இருப்பாரா என்பதே என் கவலை.

நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டினார்கள். மெஷினிலிருந்து கட்டம் போட்ட ரோஸ் தாள் நீண்டு வந்தது. அதில் கோடு எழும்பி, இறங்க மனமில்லாமல் மேடாகவே நின்றது.

"மாமா, ஒங்க நெஞ்சுல கழுகுமல இருக்கு."

வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த மனிதர் சிரித்தார். "அப்ப நீயே மொதல்ல ஏறு, ஏட்டி."

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இன்னொரு ஈசிஜி எடுத்தால்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார் டாக்டர். அம்மா தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள். மலை உயர உயர மாமாவுக்குப் பலம் என்று நான் சொந்தமாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

இரண்டாவது தாளில் மலை கிட்டத்தட்ட தரையோடு தரையாகக் கிடந்தது.

"எம்மா, மாமா மல இடிஞ்சிட்டு" என்று அலறினேன். என்ன ஏது என்று கேட்காமல் அம்மாவும் சேர்ந்து அழுதாள்.

"யார் வீட்டுப் பிள்ள இது, ஆஸ்பத்திரியவே கூட்டுது?" என்று வந்த டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மேடு இருந்தா அடைப்பு இருக்குன்னு அர்த்தம். இப்ப ரத்தம் ஓடுது, மேடு தணிஞ்சிட்டு. நல்லதுதாம்மா."

அந்த நிமிஷமே நானும் பாதி டாக்டர் ஆகிவிட்டேன். இரண்டாவது தாளில், மேடு இருந்த இடத்துக்குச் சற்று முன்னால் கோடு சின்னதாகக் குழிந்திருந்தது. "இதென்ன பள்ளம்?"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "வந்து சேர கொஞ்சம் லேட்டாயிட்டுல்லா. அதுக்குள்ள பட்ட அடி. அது இனி அப்படியேதான் இருக்கும்."

மேடு இறங்கிய சந்தோஷத்தில் பள்ளம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் கரிசலில் கோடைக்குக் கால் புதைகிற அளவு வெடிக்கும். ஒரு மழை பெய்தால் வெடிப்பு இருந்த இடம் தெரியாது.

பங்குனி உத்திரத்துக்கு மாமா வந்தார். மலையடியில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "நீ ஏறிட்டு வா. செருப்புக்குக் காவல் வேண்டாமா?" என்றார். உச்சியில் நின்று ஜெயித்துவிட்டேன் என்று கத்தினேன். கீழே அவர் என் செருப்பைத் தூக்கி ஆட்டினார்.

காவலாளியை ஜெயிப்பதில் எனக்கு ருசி இல்லை. "ஐப்பசி மழ பெய்யட்டும் மாமா. அப்புறம் ஒழுங்கா பந்தயம் வச்சுக்கிடுவோம்."

"பாப்போம்ட்டி" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கரிசல்காட்டில் ஒரு வெடிப்புகூட மிச்சமில்லாமல் மூடிக்கொண்டது. போய்ப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, கால் நிறையச் சகதியோடு, மாமாவைக் கூப்பிட ஓடினேன்.