முட்டை மிஸிக்கு அந்தப் பெயர் வந்த விதம்

“மிஸி, எங்கட முட்டை மிஸி போயிட்டா” என்று இலங்கைத்துறையிலிருந்து கமலா தொலைபேசியில் அழுதாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

செத்தவீட்டில் இலங்கைத்துறைச் சனம் நீங்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னீர்கள். ஊருக்கெல்லாம் முட்டை கொண்டுபோய்க் கொடுத்த மனுசி, அதனால்தான் முட்டை மிஸி என்று. நானும் கதிரையில் இருந்து தலையாட்டினேன். இத்தனை வருடமும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறேன். இனி ஏலாது. அந்தப் பெயர் அப்படி வரவில்லை.

நீங்கள் முட்டை மிஸி என்று கூப்பிட்ட பரமேஸ்வரியும் நானும் ஒன்றாகப் பயிற்சி முடித்த குடும்பநல மருத்துவிச்சிகள், ஊர்வாயில் மிஸிமார். யுத்த காலத்தில் இருவருக்கும் தோப்பூர்ப் பக்கம் வேலை. எனக்கு வாய் நீளம், நெஞ்சு சின்னது. அவளுக்கு நேர்மாறு. ஆனால் சாப்பாடு என்று வந்தால் மட்டும் அவள் வாயை மூட ஏலாது. வீட்டுக் கோழியின் முட்டையை விற்றுப் பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கும் தாய்மாரைக் கண்டால் வாசலிலேயே சண்டைதான். “முட்டையில பிள்ளை வளரும். பிஸ்கட்டில கடைக்காரன்தான் வளருவான்” என்பாள். பெரியபிள்ளையான பெட்டைகளுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை பருக்குகிற வீடுகளிலும் விடமாட்டாள். “முட்டை நல்லதுதான், ஆனா அவிச்சுக் குடுங்க. பச்சையாக் குடுத்தாக் கிருமியும் சேர்ந்து போகும்.”

அப்போது இலங்கைத்துறையில் கடலுக்குப் போகத் தடை. மீன்பிடி ஊரில் மீன் இல்லை. ஓடி ஓடி இடம்பெயர்ந்ததில் கோழிகளும் போய்விட்டன. அங்கே நாலு கர்ப்பிணிகள். அதில் கமலாவுக்கு ஏழு மாதம். கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. “இந்த இரத்தத்தோட இவள் பிள்ளைப்பெறக் கிடந்தா எனக்குப் பயமா இருக்கு ஜெயா” என்றாள் பரமேஸ்வரி. அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இரும்புச்சத்துக் குளிசை, தேசிக்காய்ப் புளி விட்ட முருங்கையிலை, சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது, எல்லாம் சொன்னாள். அதற்கு மேல், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு இரண்டு முட்டை. தோப்பூரில் வீடு வீடாகக் கேட்டு வாங்குவாள். கையில் கொடுக்கமாட்டாள். “கையில குடுத்தா அது புருசன்ட வயித்துக்குத்தான் போகும்.” தானே கோது உரித்துக் கொடுத்து, விழுங்கி முடியும்வரை முன்னால் நிற்பாள்.

இடையில் ஒரு சோதனைச் சாவடி. முதல் தடவை உமிக்குள் வைத்துக் கொண்டுபோன முட்டைகளை ஆமிக்காரன் கம்பியால் குத்திப் பார்த்தான். வாளி முழுக்க மஞ்சள் கருதான் மிஞ்சியது. அடுத்த தடவை அவித்துக் கொண்டுபோனோம். அதுதான் வினையாகப் போயிற்று. அவித்த முட்டையென்றால் காட்டில் இருக்கும் இயக்கக்காரருக்கு ஆயத்தச் சாப்பாடு என்று அவர்களுக்குச் சந்தேகம்.

“ஆருக்கு?” என்றான் ஆமிக்காரன் கொச்சைத் தமிழில். முன்தினம்தான் அதே இடத்தில் ஒருவரைப் பிடித்துக் கொண்டுபோயிருந்தார்கள். என் நாக்கு என்னைக் கேட்காமலே புரண்டது.

“எங்களுக்கு. பகல் சாப்பாட்டுக்கு.”

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எட்டு முட்டையைப் பார்த்தான். “அப்ப சாப்பிடு. இங்க.”

மாற்றிச் சொன்னால் அதுவே குற்றமாகிவிடும். பரமேஸ்வரி என் காலை மெல்ல மிதித்தாள். மண்மூட்டைக்குப் பக்கத்தில், துவக்குக்கு முன்னால் இருந்து சாப்பிட்டோம். உப்பில்லை, தண்ணீர் இல்லை. மூன்றோடு எனக்குக் குமட்டியது. அவள் என் பக்கம் திரும்பாமல் கையை நீட்டி மீதியை எடுத்தாள். ஐந்து முட்டை சாப்பிட்டாள். ஐந்தையும் அழுதுகொண்டே சாப்பிட்டாள். சவமே, நானல்லவா அழுதிருக்க வேண்டும்!

கமலா வாசலில் காத்திருந்தாள். வெறும் வாளியைப் பார்த்தாள். நான் வாய் திறக்குமுன் பரமேஸ்வரி சொன்னாள்: “சாவடியில நான் பயந்து எங்களுக்கெண்டு சொல்லிட்டன் புள்ள. உங்கட முட்டையை நாங்க திண்டுட்டம்.”

நான்தான் சொன்னேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கமலாவின் மாமியார் வேலியோரம் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னாள்: “வயித்துப்பிள்ளைக்காரியின்ர முட்டையைத் திண்டுட்டு வாறா, முட்டை மிஸி!” பெயர் பிறந்தது அங்கேதான். சனம் சிரித்தது.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அவள் தனியே போனாள். நாலு பேருடைய கிளினிக் அட்டைகளையும் மேசையில் வைத்து, அரைகுறைச் சிங்களத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். பின்னேரம்வரை வெயிலில் நிறுத்தி வைத்து, பிறகு போக விட்டார்கள். அன்று பொழுதுபடுகிற நேரத்தில் கமலாவுக்கு இரண்டு முட்டை உரித்துக் கொடுத்தாள். பிறகு பிள்ளை பிறக்கும்வரை ஒருநாளும் தவறவில்லை. தாயும் தப்பினாள், பிள்ளையும் தப்பியது. சிரித்த சனமே பிறகு அன்போடு முட்டை மிஸி என்று கூப்பிட்டது. பெயர் வந்த கதை எல்லோருக்கும் மறந்துபோயிற்று, எங்கள் இருவரைத் தவிர.

ஒருமுறை கேட்டேன், ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று. “உன்னை நம்பாட்டி உன்ர கையால அவையள் ஒண்டும் வாங்கித் தின்னமாட்டினம். என்னை நம்ப வைக்க எனக்குத் தெரியும்” என்றாள். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

கமலா, நீ இதை வாசிப்பாய். அந்தப் பொய் என்னுடையது. பெயரை அவள் சுமந்தாள்.

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். இப்போதும் கர்ப்பிணித் தாய்க்கு முட்டையை உரித்துக் கொடுத்துவிட்டு, அவள் விழுங்கி முடியும்வரை நிற்கிறேன். நிற்கும்போது அந்தக் கேள்வி காதில் விழுகிறது, ஆருக்கு என்று. கமலாவுக்கு என்று ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் சரியாகச் சொல்கிறேன்.