செம்புச் சட்டியும் ஏழு அலசலும்

இடது கையில் தொட்டில் கயிறு, வலது கையில் பேனா. சின்னவள் தூங்குகிற மட்டும்தான் எழுத முடியும்.

பாட்டில் கழுவுகிற வேலையில் ஒரு கஷ்டம், போக வேண்டிய அழுக்கு கண்ணுக்கே தெரியாது. ஆஸ்பத்திரிப் பின்கட்டில் நின்று ஆசிட்டில் கை வெந்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அறுபத்தெட்டில் காரைக்குடியில், நரம்பு வியாதி பார்க்கிற ஒரு டாக்டரய்யாவின் லேபில் சேர்ந்தேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. ஞாபகம் குறைந்தவர்களும் கை நடுங்குகிறவர்களும் அங்கே வருவார்கள். அவர்கள் ரத்தத்தில், மூத்திரத்தில், முதுகுத்தண்டில் எடுக்கிற நீரில் வியாதிக்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று டாக்டரய்யா தேடிக்கொண்டே இருப்பார். இங்கே பார்க்க முடியாததை மதுரைக்கு ரயிலில் அனுப்புவார்.

தேங்காய் நார்

முதல் நாள் நல்ல பேர் வாங்க நினைத்து, வீட்டிலிருந்தே புளியும் தேங்காய் நாரும் கொண்டுபோனேன். பித்தளைக் குடம் தேய்க்கிற அதே நார். பாட்டில்கள் பளபளவென்று ஆனதும் லேப் பார்க்கிற கண்ணப்பண்ணன் எதிரில் வரிசையாக வைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிலருக்கு உடம்பில் செம்பு தங்கிப்போகுமாம். அது மூளையில் படிந்தால் கை நடுங்கும், பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். ஒரு நாள் மூத்திரம் முழுவதையும் சேர்த்து, அதில் செம்பு எவ்வளவு என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பிடிக்கிற பாட்டிலை ஆசிட்டில் ஊறப்போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஏழு தடவை அலச வேண்டும். பித்தளையும் பாதிக்கு மேல் செம்புதான்; அதைத் தேய்த்த நார் பட்டாலே கணக்குக் கெட்டது. அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, நீ தேய்ச்ச தேய்ப்புல பாட்டிலுக்கே வியாதி வந்துருச்சு."

தூக்கு

கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு ஆச்சி, மகளுக்குக் கை நடுங்குகிறது என்று வந்தார்கள். நான் ஏழு தடவை அலசிய கண்ணாடிச் சாடியைக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் காரில் வந்து இறங்கினார்கள், கையில் பித்தளைத் தூக்கு. விளக்கி வைத்தது தங்கம் மாதிரி மின்னுகிறது. மேலே வெள்ளைத் துணி வேறு கட்டியிருந்தது.

திரும்பவும் முதலிலிருந்து ஒரு நாள் பிடிக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதும் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல இருந்து எது வெளிய போனாலும் நல்ல ஏனத்துலதான் போகும். நீங்க குடுத்தது ஊறுகாச் சாடி மாதிரியில்ல இருக்கு."

தெளிந்த நீர்

நாட்டரசன்கோட்டைக்காரர் ஒருவர். நாலு வருசமாக மறதி. சாப்பிட்டதை மறப்பார், வீட்டு வழியை மறப்பார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். டாக்டரய்யா அந்தக் குழாயையும் வெறும் தண்ணீர்க் குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். எது எது என்று சொல்ல முடியவில்லை. சோதனைகளிலும் ஒன்றும் அகப்படவில்லை. "இதுக்குள்ள ஏதோ இருக்கணும், கண்ணப்பா. நமக்குப் பாக்கத் தெரியல," என்று மிச்சத்தை ஐஸில் வைக்கச் சொன்னார்.

நாட்டரசன்கோட்டைக்காரரின் சம்சாரம் அந்தக் குழாயை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்: "இம்புட்டுத் தெளிவா இருக்கே தாயி, பெறகு ஏன் என்னைய யாருன்னு கேக்குறாக?"

எங்கள் வீட்டுச் சாடி

மூன்றாம் வருசம் எங்கள் வீட்டிலேயே சாடி வந்து உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் தச்சு வேலை. உளி பிடிக்கிற கை நடுங்க ஆரம்பித்தது. எடுத்த அளவு மறுநிமிசம் மறந்துபோகும். பேச்சும் குழறியது. வயது இருபத்தாறு. மானகிரியில் ஒரு வீட்டுக்கு வாசல் நிலை செய்துகொண்டிருந்தார்கள். டாக்டரய்யா பார்த்துவிட்டுச் செம்புச் சோதனைக்கு எழுதினார்.

சாடி மதுரைக்குப் போன மறுநாள்தான் கவனித்தேன். மரப்பசை காய்ச்சுகிற செம்புச் சட்டி, கழுவியே பார்த்திராத சட்டி, சுத்தமாகக் கவிழ்த்திருந்தது. கேட்டேன். "வேலை நடக்குற எடத்துக்குச் சாடியத் தூக்கிட்டுப் போனா நாலு பேரு சிரிப்பாக. அதுல பிடிச்சு வந்து ராத்திரி சாடியில ஊத்துனேன்," என்றார்கள். டாக்டரய்யா முன்னால் நின்று மூத்திரம் என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது? ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை. கணக்கு வந்தது. செம்பு எக்கச்சக்கம். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தை எழுத டாக்டரய்யா பேனாவைத் திறந்தார். கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டேன்: "அது அவுக உடம்புச் செம்பு இல்லீங்கய்யா, பசைச் சட்டியில பிடிச்சது."

டாக்டரய்யா பேனாவை மூடினார். "மூணு வருசத்துல இந்தப் பொண்ணு குரல இப்பத்தான் கேக்குறேன். கண்ணப்பா, இன்னொரு சாடி குடு."

இரண்டாவது சாடி

அதை ஏழு தடவை இல்லை, பதினாலு தடவை அலசினேன். வீட்டுக்காரரை அன்றைக்கு வேலைக்கே விடவில்லை. தப்பெல்லாம் சட்டியுடையதாக இருந்துவிட வேண்டும் என்று குலசாமிக்கு வேண்டிக்கொண்டேன். கணக்கு வந்தது. முன்னை விடக் குறைவு. ஆனாலும் இருக்க வேண்டியதை விட அதிகம்.

நாட்டரசன்கோட்டை அம்மாவின் முகம் எனக்குக் கண்முன் வந்தது. டாக்டரய்யா அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, உட்காரச் சொன்னார். "அழுகாத. போன தடவை சட்டியும் அவனும் சேர்ந்து வந்தாக. இந்தத் தடவை அவன் மட்டும் வந்திருக்கான். இப்ப நம்பி மருந்து எழுதலாம். இது மருந்து இருக்குற வியாதி."

மெட்ராஸிலிருந்து மாத்திரை வரும். செம்பு, பித்தளையெல்லாம் பரணுக்குப் போனது. உளி நேராக நிற்க ஒரு வருசத்துக்கு மேலானது. நான் ஆட்டுகிற இந்தத் தொட்டில் கட்டை, அதற்கப்புறம் அவர்கள் கடைந்தது. இத்தனை வருசம் கழுவியதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக்கூட ஆசிட் எடுத்துவிடும், ஆனால் இந்தக் கூச்சத்தை மட்டும் பதினாலு தடவை அலசினாலும் எடுக்க முடியாது. இந்தா அவுக கூப்பிடுறாக, "அடியே, மாத்திரைய எங்குட்டு வச்சே, இன்னைக்குப் போட்டேனா இல்லையா"ன்னு, போட்டாகளா என்று எனக்கே ஞாபகம் இல்லை.