பெயருக்குப் பதினாறு எழுத்து

போலாரத்து மாதங்கியைப் பிடிவாதக்காரி என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மருத்துவமனைக் கருவிகளை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கட்டிக் காப்பவள் அவள். ஒழுங்காக ஓடுவதில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய வேலையே.

அந்த சிஸ்டத்தில் நோயாளியின் பெயருக்குப் பதினாறு ஆங்கில எழுத்துதான் இடம். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து யாரோ வைத்த கணக்கு. தெலுங்குக்காரர் பெயர் அதற்குள் அடங்குமா? வீட்டுப்பெயர் முன்னால் வரும், பிறகு சாமி பெயர், ஆளின் சொந்தப் பெயர் கடைசியில்தான். டெங்குக் காய்ச்சலோடு ஒரே வார்டில் சேர்ந்த காசிபட்ல வெங்கட ரமணாவும், அவர் தம்பி காசிபட்ல வெங்கட கிருஷ்ணாவும் திரையில் 'காசிபட்ல வெங்க' என்று ஒரே ஆளாக நின்றார்கள். நர்ஸ் மஹதி பதறிப்போய்ப் புகார் கொடுத்தாள்.

“பதினாறை முப்பத்திரண்டாக்கிடு மாதங்கி. ஒரே ஒரு நம்பர்தானே?” என்றார் மேலாளர் வேணுகோபால்.

சோதனை அறையில் மாற்றிப் பார்த்தாள். அதே சிஸ்டத்தில் ஓடும், மருந்து ஏற்றும் பழைய பம்ப் ரகம் ஒன்று உண்டு. அதன் புரோகிராமை எழுதிய கம்பெனி என்றோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. திருத்தி எழுத வழியில்லை. பதினாறுக்குமேல் வராது என்று நம்பி இடம் ஒதுக்கிய அந்தப் புரோகிராம், நீளப் பெயர் வந்ததும் மிச்ச எழுத்துகளைப் பக்கத்து இடத்தில் கொட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தது மருந்தின் அளவு. அது தாறுமாறாக எகிறியது.

“நக்கோ சார், வேண்டாம். இந்த பம்ப் எந்தெந்த ஆஸ்பத்திரியில ஓடுதுன்னே நமக்குத் தெரியாது. புது வெர்ஷன்ல மாத்தலாம், பம்பையும் மாத்தச் சொல்லிட்டு. அதுவரைக்கும் கட்டில்ல முழுப்பேரை எழுதி ஒட்டச் சொல்லுங்க.”

“ஒட்டுவாங்களா?”

“ஒட்டணும் சார்.”

ஒட்டத்தான் செய்தார்கள். ஆனால் சகோதரர்களை ஜன்னல் பக்கம் இடம் மாற்றியபோது சீட்டுகள் பழைய கட்டில்களிலேயே தங்கிவிட்டன. திரையை மட்டுமே பார்த்தாள் புதிதாகப் பணிக்கு வந்த நர்ஸ். சர்க்கரை நோயாளியான அண்ணனுடைய இன்சுலின் தம்பிக்கு ஏறியது. சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்த தம்பி உயிர் பிழைத்தார். பேச்சு மட்டும் இன்னும் குழறுகிறது.

மாதங்கி மருத்துவமனைக்குப் போனாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ரமணா, அவள் யாரென்று அறிந்ததும் தெலுங்கில் நிதானமாகக் கேட்டார்.

“அந்தப் பேரை நீளமா வர வைக்க முடியாதாம்மா?”

பொய் சொல்லியிருக்கலாம். “முடியும்” என்றாள்.

“பின்னே ஏன் செய்யலே?”

“செஞ்சிருந்தா வேற யாராவது செத்துப்போயிருப்பாங்க.”

“யாரு?”

எந்த ஊரில், எந்தக் கட்டிலில் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“தெரியாதுங்க.”

அவர் திரும்பி, தம்பியின் வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டார்.