பூட்டிய கடைக்கு முன்னால் பிறவுனி

பதினேழு வயதில் மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பழனியம்மாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றிலுள்ள மாடிக்கட்டடத்தில் படிகளைக் கூட்டித் துடைக்கிறார். கீழ்த்தள அறையில் தனியே வாசம். சென்ற ஆண்டு, காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு அந்தப் பக்கம் மீன்கடை வைத்திருந்த பிறெடி, கடையைப் பூட்டிவிட்டு நீர்கொழும்பில் மகள் வீட்டோடு குடிபோய்விட்டார். கடை வாசலில் கிடந்த நாயைப் பழனியம்மா கூட்டி வந்துவிட்டார். பிறவுனி என்று பெயர்.

இரண்டு வேளையும் சோறு கிடைத்தது. ஆனாலும் விடிந்ததும் பிறவுனி காலி வீதியைக் கடந்து ஓடிவிடும். இறக்கிய ஷட்டருக்கு முன்னால் பத்து மணிவரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். நன்றியுள்ள நாய் என்றார்கள் தெருவில். ஒரு நாள் ஓட்டோ தட்டிப் பின்கால் கிழிந்தது.

கிருலப்பனையில் மிருக வைத்தியர் சுரேகா தையல் போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தக் கடையில இதுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு குடுத்தவையோ?"

பழனியம்மா அங்கிருந்தே பிறெடிக்குப் போன் எடுத்தார்.

"ஒவ்வொரு நாளும் எங்க அக்கா! மிச்சம் இருந்தா ஒரு மீன் தலை போடுவேன். சில கிழமை நாலு நாள் கிடைக்கும், சில கிழமை ஒண்ணுமே இல்ல."

"அதுதான் விசயம் அம்மா," என்றார் சுரேகா. "தினமும் சாப்பாடு கிடைச்ச நாய் எண்டால், நாலைஞ்சு நாள் கிடைக்காட்டி விட்டிடும். இதுக்கு வெறும் நாள் பழகிப்போச்சு. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு எண்டுதான் படிச்சிருக்கு."

பழனியம்மா நாயின் காதைத் தடவினார்.

"எங்க வீட்டுக்காரரும் லொறியில போனவருதாங்க. சில நேரம் ரெண்டு வாரத்துல வருவாரு, சில நேரம் மூணு மாசம் ஆகும். செத்துட்டாருன்னு சேதி வந்த பொறகும், லொறிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சிருவேன். ஆறேழு வருசம்."

சுரேகா ஒரு வழி சொன்னார்: ஒரு மாதம் அந்த ஷட்டருக்கு முன்னாலேயே தினமும் தவறாமல் சாப்பாடு கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு அடியோடு நிறுத்திப் பார்க்கலாம். பழனியம்மா அப்படியே செய்தார். நிறுத்திய மறுநாளும் பிறவுனி போய் உட்கார்ந்தது. அதற்கடுத்த வாரமும்.

"முதல் படிச்சது அடியில கிடக்குது போல," என்றார் சுரேகா போனில், சற்று வெட்கத்தோடு. "நாங்கள் மேல போட்டது அதை அழிக்கேல்ல."

பழனியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இனித் தடுப்பதில்லை என்று தீர்மானித்தார். படி துடைப்பதைத் தள்ளிப் போட்டுவிட்டு, தினமும் தானே கயிறு பிடித்து வீதியைக் கடத்திக் கூட்டிப் போனார். இருவரும் பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்தார்கள். "பாத்தாச்சா? போவமா?" என்பார். முதலில் இழுத்து வர வேண்டியிருந்தது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது கால் மணி நேரத்தில் தானாக எழுந்து வரத் தொடங்கியது.

ஈஸ்டர் முடிந்து பிறெடி போனில் பேசினார். "நாயப் பாக்கணும் போல இருக்கு அக்கா. கடையடிக்கு வர்றேன்."

"ஐயோ, அங்க மட்டும் வராதீங்க! ஒருக்கா அங்க உங்கள கண்டுச்சுன்னா இன்னும் ஒரு வருசம் உக்காந்திரும். நம்ம அறைக்கு வாங்க."

வந்தார். பிறவுனி அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்து முனகியது. பிறெடி வெகுநேரம் கைலேஞ்சியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவர் கொண்டுவந்த அறக்குளா மீன் தலையைப் பழனியம்மா அவித்து, சோற்றோடு பிசைந்து, அறை வாசலிலேயே வைத்தார்.

மறுநாள் காலையும் பிறவுனி கேட்டடியில் நின்று திரும்பிப் பார்த்தது. பழனியம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.